அப்டேட் போட்டதும் பழைய போன் ஆமை ஆயிடுச்சா? ரீசெட் அடிக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க

எங்க சொந்தத்துல யார் போன் மக்கர் பண்ணாலும் அது சுத்தி வளைச்சு கடைசில என் கைக்கு தான் வரும். அம்மாவோட போன் 2019ல வாங்கினது, 3 ஜிபி ராம் (திறந்திருக்கற ஆப்ப போன் கைல வெச்சுக்கற இடம்), 32 ஜிபி மெமரி (போட்டோ, ஆப் எல்லாம் சேமிக்கற இடம்), ஆண்ட்ராய்டு 9ல வந்துச்சு, கடைசியா 11 வரைக்கும் அப்டேட் குடுத்தாங்க. அந்த 11 போட்ட மறுநாளே "டேய், போன் செத்துப்போச்சுடா, தொட்டா ஒண்ணும் வரமாட்டேங்குது"ன்னு ஒரே புலம்பல். நானும் பெரிய மெக்கானிக் மாதிரி எதையும் பாக்காம நேரா ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாத்தையும் அழிச்சு புது போன் மாதிரி ஆக்கறத, அடிச்சுட்டேன். போன் சும்மா பறந்துச்சு. மூணே நாள் தான். வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் இறங்கி, அதே ஆப் எல்லாம் திரும்ப ஏறி, நாலாவது நாள் பழையபடி அதே ஆமை. இதுல இன்னொரு கொடுமை, அம்மா மாசாமாசம் கட்டுற சீட்டு கணக்க அந்த போன்லயே இருந்த நோட்ஸ் ஆப்ல எழுதி வெச்சிருந்தாங்க, அது எந்த அக்கவுண்ட்லயும் சிங்க் ஆகல, மொத்தமா போச்சு. யார் எத்தனாவது மாசம் எடுத்தாங்கன்னு கூட தெரியாம தெருவுல ஒவ்வொரு வீடா போய் கேட்டாங்க. அதுக்கு நான் வாங்கின திட்டு தனி.

அதுக்கப்புறம் தான் எனக்கு புத்தி வந்துச்சு. ஸ்லோ ஸ்லோன்னு ஒரே வார்த்தைல சொல்றோமே தவிர அது ஒரே கோளாறு கிடையாது. எப்போ ஸ்லோ ஆகுது, எத பண்ணும்போது ஸ்லோ ஆகுது, அப்போ சார்ஜ் எவ்ளோ இருந்துச்சு, இந்த மூணையும் ஒரு நாள் கவனிச்சு பாத்துட்டு கீழ உங்க கதை எதுவோ அங்க போங்க. எல்லாத்தையும் வரிசையா செய்யணும்னு அவசியம் இல்ல.

அப்டேட் போட்டு ரெண்டு நாள் தான் ஆகுது, போன் சூடாகுது, சார்ஜ் இறங்குது, எல்லாமே மெதுவா இருக்கு

ஒண்ணும் பண்ணாதீங்க. நிஜமாவே சொல்றேன். பெரிய அப்டேட் வந்தா ஆண்ட்ராய்டு உங்க ஆப் எல்லாத்தையும் புது சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி திரும்ப தயார் பண்ணும், அந்த வேலைய பெரும்பாலும் போன் சார்ஜ்ல போட்டு சும்மா இருக்கும்போது தான் செய்யும். ஐபோன்னா தேடலுக்கான இண்டெக்ஸ திரும்ப கட்டும், போட்டோல இருக்கற முகத்தை எல்லாம் திரும்ப பிரிக்கும், அதுவும் பூட்டி சார்ஜ்ல இருக்கும்போது தான் நிறைய நடக்கும். பத்தாயிரம் போட்டோ இருக்கற பழைய போன்ல இது ஒரு ராத்திரில முடியாது. ஸோ ரெண்டு மூணு ராத்திரி வைஃபை ஆன் பண்ணி, சார்ஜ்ல போட்டு, தலகாணிக்கு அடில வெக்காம மேஜை மேல வெச்சுட்டு தூங்குங்க. நடுவுல ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்றது போதும். ப்ளே ஸ்டோர்லயோ ஆப் ஸ்டோர்லயோ பெண்டிங்ல இருக்கற ஆப் அப்டேட் எல்லாத்தையும் முடிச்சிடுங்க, ஏன்னா பழைய ஆப்பும் புது சிஸ்டமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம முட்டிக்கிறது ரொம்ப சகஜம்.

ஒரு வாரம் கழிச்சும் அப்படியேன்னா அடுத்த சின்ன அப்டேட் வந்திருக்கான்னு பாருங்க. 2010ல ஐஓஎஸ் 4 போட்ட ஐபோன் 3ஜி எல்லாம் எஸ்எம்எஸ் திறக்கவே திணறுச்சு, செப்டம்பர்ல 4.1 வந்து தான் கொஞ்சம் மூச்சு விட்டுச்சு. அப்போலேருந்து இப்போ வரைக்கும் இதே கதை தான், பெரிய அப்டேட்ல பழைய போன் அடிவாங்கும், பின்னாடியே வர்ற சின்ன அப்டேட்ல ஒட்டு போடுவாங்க.

எத தொட்டாலும் ரெண்டு செகண்ட் கழிச்சு தான் வருது, கேமரா திறக்கவே யோசிக்குது, கேலரில படம் எல்லாம் சாம்பல் கட்டமா நிக்குது

இது தான் பத்துல ஏழு வீட்டு கதைன்னு நான் சொல்லுவேன், என் அனுபவத்துல. மெமரி ஃபுல். அம்மா போன்லயும் இதே தான், 32 ஜிபில மிச்சம் இருந்தது 600 எம்பி.

ஏன் மெமரி ரொம்பினா ஸ்பீடு போகுது? போன்ல இருக்கறது ஃபிளாஷ் மெமரி. பலகைல அழிச்சு எழுதற மாதிரி ஒரே ஒரு எழுத்த மட்டும் அதுல அழிக்க முடியாது, ஒரு பெரிய பிளாக்க மொத்தமா அழிச்சு தான் திரும்ப எழுதணும். காலி பிளாக் நிறைய இருந்தா நேரா எழுதிட்டு போயிடும். இல்லேன்னா இருக்கறத அங்க நகத்தி இங்க நகத்தி இடம் பண்ணி அப்புறம் எழுதணும், சாமான் நெறஞ்ச ரூம்ல பீரோவ நகத்தற மாதிரி. அதுவும் கம்மி வெல போன்ல வர்ற இஎம்எம்சி வகை மெமரின்னா இது இன்னும் மெதுவு. விலை கூடின போன்ல யுஎஃப்எஸ்னு ஒண்ணு வரும், அது வேகம். 2012ல வந்த நெக்ஸஸ் 7 டேப் ஞாபகம் இருக்கறவங்களுக்கு தெரியும், ஒரே வருஷத்துல நொண்ட ஆரம்பிச்சிடுச்சு, 2013ல ஆண்ட்ராய்டு 4.3ல காலி பிளாக்க முன்னாடியே சுத்தம் பண்ணி வெக்கற ட்ரிம் வசதி வந்ததும் திரும்ப உயிர் வந்துச்சு. பிராசசர் மாறல, ராம் மாறல, மெமரிய பராமரிக்கற விதம் மட்டும் தான் மாறிச்சு.

இதுல அப்டேட்டோட பங்கு என்னன்னா, புது சிஸ்டம் பழசவிட அதிகமா இடம் எடுக்கும், ஏற்கனவே 2 ஜிபி மிச்சத்துல ஓடிட்டு இருந்த போன் அப்டேட் முடிஞ்சதும் விளிம்புக்கு வந்துடும். நாம அப்டேட்ட திட்டுவோம், ஆனா அஞ்சு வருஷமா சேத்த குப்பை தான் காரணம்.

எவ்ளோ காலியா வெக்கணும்? நான் வெச்சிருக்கற கணக்கு 32 ஜிபி போன்னா 5 ஜிபி, 64ன்னா ஒரு 10. எங்க தேடறதுன்னா மொதல்ல வாட்ஸ்அப். செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் போங்க, எந்த குரூப் எவ்ளோ தின்னுருக்குன்னு வரிசையா காட்டும். அம்மா போன்ல மொத்த வாட்ஸ்அப் 11 ஜிபி, அதுல முக்காவாசி காலை வணக்கம், முருகர், ரோஜாப்பூ, ஒரே வீடியோ ஆறு குரூப்ல ஆறு தடவ. அழிச்சுட்டு கையோட மீடியா ஆட்டோ டவுன்லோட ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா அடுத்த தீபாவளிக்கு திரும்ப இதே வேலை. அழிச்சதும் கேலரில ட்ராஷ் இருக்கும், அதையும் காலி பண்ணணும், நிறைய போன்ல 30 நாள் வரைக்கும் அது இடத்த விடாது. அப்புறம் டவுன்லோட்ஸ் ஃபோல்டர், அங்க நாலு வருஷத்து கரண்ட் பில் பிடிஎஃப், ஆதார் நாப்பது காப்பி, எல்லாம் இருக்கும்.

கூகுள் போட்டோஸ்ல பேக்கப் முடிஞ்சிருந்தா ஃப்ரீ அப் ஸ்பேஸ் அமுக்கலாம், ஆனா 2021 ஜூன்லேருந்து போட்டோ எல்லாமே அந்த ஓசி 15 ஜிபி கணக்குல தான் சேரும், வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போ அதுல தான், ஸோ அங்க இடம் இருக்கான்னு பாத்துட்டு அமுக்குங்க. மெமரி கார்டு போடற போன்னா போட்டோ வீடியோவ கார்டுக்கு நகத்துங்க, ஆப்ப மட்டும் கார்டுக்கு மாத்தாதீங்க, கார்டு இன்னும் மெதுவு, இருக்கற வேகமும் போயிடும்.

ரொம்ப முக்கியம்: ஆப் இன்ஃபோல க்ளியர் கேஷ்னு ஒண்ணு, க்ளியர் டேட்டா இல்லேன்னா க்ளியர் ஸ்டோரேஜ்னு இன்னொண்ணு பக்கத்து பக்கத்துலயே இருக்கும். கேஷ்ங்கறது ஆப் தற்காலிகமா சேத்து வெக்கறது, அத அழிச்சா ஒண்ணும் போகாது. டேட்டாவ அழிச்சா அந்த ஆப் புதுசா போட்ட மாதிரி ஆயிடும், வாட்ஸ்அப்ல அத அமுக்கி சாட் மொத்தத்தையும் தொலைச்சவங்க எங்க வீட்லயே ரெண்டு பேர் இருக்காங்க.

காலைல ஃபுல் சார்ஜ்ல நல்லா இருக்கு, சார்ஜ் இறங்க இறங்க ஸ்லோ ஆகுது, 30 பெர்சண்ட்ல திடீர்னு ஆஃப் ஆயிடுது

பேட்டரி. அப்டேட்டோட இதுக்கு சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம், அப்டேட்டே வேணும்னு ஸ்லோ பண்ணியும் இருக்கலாம், ரெண்டுமே நடந்திருக்கு. லித்தியம் பேட்டரி வயசாக ஆக உள்ள ரெசிஸ்டன்ஸ் ஏறும், அதனால பிராசசர் திடீர்னு நிறைய கரண்ட் கேட்டா வோல்டேஜ் தொப்புனு விழும், போன் அணைஞ்சிடும். 2017 ஜனவரில ஆப்பிள் ஐஓஎஸ் 10.2.1ல பழைய பேட்டரி இருக்கற ஐபோன் 6, 6எஸ், எஸ்இ மாதிரி போன்கள்ல பிராசசர் வேகத்த குறைக்கற ஒரு வேலைய சத்தமில்லாம சேத்தாங்க, போன் அணையாம இருக்கட்டும்னு. ஆனா பாவம் ஜனங்களுக்கு அது தெரியாது, புது போன் வாங்க வெக்க தான் பண்றாங்கன்னு சந்தேகம். டிசம்பர்ல போன் வேகத்த அளந்து பாத்த பெஞ்ச்மார்க் கணக்கெல்லாம் வெளிய வந்ததும் ஆப்பிள் ஒத்துக்கிட்டு, பேட்டரி மாத்தற விலைய அமெரிக்கால 79 டாலர்லேருந்து 29 டாலராக்கி, 2018 மார்ச்ல 11.3ல பேட்டரி ஹெல்த்னு ஒரு பக்கத்தையே குடுத்தாங்க. 2020ல பிரான்ஸ் அரசு 25 மில்லியன் யூரோ ஃபைன் போட்டுச்சு, ஜனங்ககிட்ட சொல்லாம செஞ்சதுக்கு.

அந்த பக்கம் தான் இன்னிக்கு உங்களுக்கு உதவும். ஐபோன்ல செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் போய் மேக்ஸிமம் கபாசிட்டி 80க்கு கீழன்னா மாத்தற நேரம் வந்தாச்சு. அங்கயே போன் ஒரு தடவ திடீர்னு அணைஞ்சதால வேகத்த குறைச்சிருக்கோம்னு எழுதி இருந்தா உங்க ஸ்லோக்கு காரணம் கையும் களவுமா மாட்டிக்கிச்சு. பக்கத்துலயே அத டிசேபிள் பண்ற ஆப்ஷனும் இருக்கும், ஆனா அடுத்த தடவ போன் தானா அணைஞ்சா திரும்ப ஆன் ஆயிடும், ஸோ அது தற்காலிகம் தான். சித்தப்பாவோட ஐபோன்ல 74 காட்டுச்சு, பேட்டரி மட்டும் மாத்தினோம், அவர் புது போனுக்கு இஎம்ஐ போட கடை வரைக்கும் போயிட்டு திரும்பி வந்துட்டார்.

ஆண்ட்ராய்டுல கம்பெனிக்கு கம்பெனி மாறும். சாம்சங்னா சாம்சங் மெம்பர்ஸ் ஆப்ல டயக்னோஸ்டிக்ஸ் இருக்கு, சில போன்ல டயல் பேட்ல *#*#4636#*#* போட்டா பேட்டரி விவரம் வரும், நிறைய போன்ல ஒண்ணுமே வராது. வரலேன்னா கண்ணால கண்டுபிடிங்க: சார்ஜ் 45லேருந்து பட்டுனு 20க்கு குதிச்சா பேட்டரி போச்சுன்னு அர்த்தம். சென்னைல இருக்கறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல மாத்திக்கறது பழக்கம், தப்பில்ல, ஆனா 300 ரூபாய்க்கு ஒரிஜினல்னு சொன்னா நம்பாதீங்க, பேட்டரில பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) நம்பர் இருக்கான்னு பாருங்க. முதுகு மூடி உப்பியோ ஸ்கிரீன் ஓரத்துல தூக்கிட்டோ இருந்தா ஸ்லோவ விடுங்க, சார்ஜே போடாதீங்க, அது பேட்டரி ஊதிருக்கு, அன்னிக்கே மாத்தணும்.

ஒரு ஆப்லேருந்து இன்னொண்ணுக்கு போயிட்டு வந்தா முதல்லேருந்து லோட் ஆகுது, ஓடிபி பாக்க போயிட்டு வந்தா டிக்கெட் பக்கமே காணோம்

ராம் பத்தல. புது சிஸ்டமே கூட கொஞ்சம் பிடிச்சுக்கும், அதனால பின்னாடி இருக்கற ஆப்ப போன் கொன்னுடும். இதுக்கு ராம் பூஸ்டர், க்ளீனர்னு ஆப் போடறது தான் எல்லாரும் பண்ற முதல் தப்பு, அது எல்லாத்தையும் மூடிவிடும், நீங்க திறக்கும்போது ஆப் முதல்லேருந்து கிளம்பணும், அதுக்கு இன்னும் நேரம் ஆகும், போதாததுக்கு அந்த க்ளீனரே ராம்ல உக்காந்துட்டு விளம்பரம் காட்டும். அத தூக்குங்க. போனோட வந்த, நீங்க தொடவே தொடாத ஆப் எல்லாத்தையும் டிசேபிள் பண்ணுங்க. லாக் ஸ்கிரீன்ல தினம் புதுப்படமும் செய்தியும் காட்டற வசதிய அணைங்க, அப்டேட்ல அது தானா ஆன் ஆகி உக்காந்திருக்கும். ஷாப்பிங், சாப்பாடு ஆர்டர் இதெல்லாம் மாசத்துக்கு ரெண்டு தடவன்னா ப்ரௌசர்லயே பண்ணிக்கலாம்.

வர்ச்சுவல் ராம், ராம் பிளஸ், ராம் எக்ஸ்டென்ஷன்னு பேர் பேரா ஒண்ணு வந்திருக்கும், 4 ஜிபி கூட தர்றேன்னு. அது ராம் கிடையாது, மெமரிலேருந்து கடன் வாங்கறது. மெமரியே மெதுவா இருக்கற பழைய போன்ல இத அணைச்சா தான் வேகம் வருது, நான் ரெண்டு போன்ல பாத்தாச்சு, உங்க போன்ல அணைச்சு ரீஸ்டார்ட் பண்ணி ஒரு நாள் ஓட்டி பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மத்தியானம் மட்டும் தான் ஸ்லோ, இல்லேன்னா பைக்ல மேப் போட்டு போகும்போது

வெயில். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்ற அளவு 0லேருந்து 35 டிகிரி வரைக்கும் தான், நம்ம ஊர்ல மே மாசம் வேலூர், திருச்சி பக்கம் எல்லாம் 40 தாண்டுது, சூடானா எந்த போனும் தன்னை காப்பாத்திக்க வேகத்த குறைச்சுக்கும். தடி கவர கழட்டுங்க, ஹாட்ஸ்பாட்டும் சார்ஜும் ஒண்ணா வேண்டாம். ஃப்ரிட்ஜ்ல வெக்கறவங்களுக்கு ஒரு கும்பிடு, உள்ள தண்ணி கோத்துக்கும்.

ஆப் திறந்ததும் தானா மூடிக்குது

பல ஆப் ஒரே நேரத்துல இப்படி பண்ணா ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவ சந்தேகப்படுங்க. ஆப்புக்குள்ள வெப் பக்கம் காட்டறது அது தான், 2021 மார்ச்ல அதோட ஒரு கோளாறான அப்டேட்டால உலகம் பூரா ஜிமெயில் வரைக்கும் மூடிக்கிச்சு. ப்ளே ஸ்டோர்ல அதையும் க்ரோமையும் அப்டேட் பண்ணுங்க. ஒரே ஒரு ஆப் தான்னா அத மட்டும் அழிச்சு திரும்ப போடுங்க. எந்த ஆப்னே தெரியாம மொத்த போனும் தத்தளிச்சா சேஃப் மோட்ல போடுங்க, நிறைய போன்ல பவர் ஆஃப் பட்டன திரையில அழுத்தி பிடிச்சா கேக்கும். அதுல நீங்க போட்ட ஆப் எதுவும் ஓடாது. அங்க வேகமா இருந்தா குத்தவாளி நீங்க போட்ட ஆப் தான், கடைசியா போட்டதுலேருந்து ஒண்ணொண்ணா தூக்குங்க. யூபிஐக்கும் பேங்க் ஆப்புக்கும் அந்த நேரம் வேலை இருக்காது, பயப்படாதீங்க.

சேஃப் மோட்லயும் மெதுவுன்னா ரெக்கவரிங்கற பழுதுபாக்கற மெனுக்கு போய் வைப் கேஷ் பார்ட்டிஷன் பண்ணலாம், அது சிஸ்டத்தோட தற்காலிக கோப்ப மட்டும் அழிக்கும். அணைச்சுட்டு வால்யூம் அப்பும் பவரும் சேத்து பிடிக்கணும், புது ஆண்ட்ராய்டு இருக்கற சாம்சங்ல கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல சொருகினா தான் உள்ள விடும், சில கம்பெனில அந்த ஆப்ஷனே இருக்காது. கண்ணாடி போட்டுட்டு படிச்சு அமுக்குங்க, அதே லிஸ்ட்ல வைப் டேட்டான்னு ஒண்ணு இருக்கு, அது ஃபேக்டரி ரீசெட்.

டைப் பண்ணா எழுத்து லேட்டா வருது: கீபோர்டு ஆப்போட கேஷ அழிங்க, தமிழ் இங்கிலீஷ் தவிர மத்த மொழிய நீக்குங்க, அவ்ளோ தான்.

வேலை நடக்குது, ஆனா ஸ்கிரீன் மாறும்போது இழுவையா இருக்கு

புது சிஸ்டத்தோட அலங்காரம் பழைய பிராசசருக்கு கனம். ஆண்ட்ராய்டுல அபௌட் போன்ல பில்ட் நம்பர ஏழு தடவ தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும், உள்ள விண்டோ, ட்ரான்சிஷன், அனிமேட்டர்னு மூணு அனிமேஷன் அளவு இருக்கும், மூணையும் 0.5 ஆக்குங்க. போன் நிஜமா வேகமாகாது, காத்திருக்கற நேரம் பாதியாகும், கைக்கு அது போதும். வேற எதையும் அங்க தொடாதீங்க. ஐபோன்ல அக்ஸசிபிலிட்டி போய் ரெட்யூஸ் மோஷன், ரெட்யூஸ் ட்ரான்ஸ்பரன்சி ரெண்டையும் ஆன் பண்ணுங்க, 2025ல வந்த ஐஓஎஸ் 26ல திரை பூரா கண்ணாடி மாதிரி ஆக்கி வெச்சிருக்காங்க, ஐபோன் 11 மாதிரி பழசுல இந்த ரெண்டாவது ஆப்ஷன முதல்ல முயற்சி பண்ணுங்க.

பழைய வெர்ஷனுக்கே திரும்ப போயிடலாமான்னு கேக்கறவங்களுக்கு

ஐபோன்ல புது வெர்ஷன் வந்து கொஞ்ச நாள்லயே பழசுக்கு ஆப்பிள் சைன் பண்றத, அதாவது போட அனுமதி குடுக்கறத, நிறுத்திடும், அப்புறம் கதவு சாத்தின மாதிரி தான். ஆண்ட்ராய்டுல சில போன்ல முடியும், ஆனா டேட்டா எல்லாம் அழியும், பூட்லோடர (வேற சிஸ்டம் ஏத்த விடாம காக்கற பூட்டு மாதிரி) திறக்க வேண்டி வந்தா பேங்க் ஆப்பும் யூபிஐயும் முரண்டு பிடிக்கும். இத்தாலில 2018ல இதே காரணத்துக்கு ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் தலா 5 மில்லியன் யூரோ ஃபைன் போட்டாங்க, பழைய போனுக்கு தாங்காத அப்டேட்ட போட சொல்லிட்டு திரும்பவும் வழி குடுக்கலன்னு. எல்லா அப்டேட்டும் சதின்னும் நினைக்காதீங்க, அதே 2018ல வந்த ஐஓஎஸ் 12 பழைய 6 பிளஸ்ல கேமரா 70 சதவீதம் வரைக்கும் வேகமா திறக்கும்னு சொல்லி தான் வந்துச்சு, நிஜமாவே பழைய போன் எல்லாம் நல்லா ஓடிச்சு.

எல்லாம் பண்ணியாச்சு, இன்னும் அப்படியே இருக்கு

சரி, இப்போ ரீசெட். கூகுள் பாஸ்வேர்டு தெரியுமான்னு முன்னாடியே ஒரு தடவ லாகின் பண்ணி பாத்துக்கோங்க, ரீசெட் ஆனதும் பழைய அக்கவுண்ட்ட கேக்கும், தெரியலேன்னா உள்ளயே விடாது. காண்டாக்ட் எல்லாம் போன்ல சேவ் ஆகியிருக்கா கூகுள்லயான்னு பாருங்க, ஆத்தென்டிகேட்டர் ஆப் (லாகினுக்கு மாறிட்டே இருக்கற நம்பர் காட்டறது) வெச்சிருந்தா அதோட கோட எடுத்து வெச்சுக்கோங்க, வாட்ஸ்அப் பேக்கப்ல வீடியோவ சேக்காதீங்க, நோட்ஸ், கால் ரெக்கார்டிங், வாய்ஸ் ரெக்கார்டர் இந்த மூணும் எங்க சேவ் ஆகுதுன்னு யாருமே பாக்கறதில்ல, அத கண்டிப்பா பாருங்க. யூபிஐ திரும்ப பதிய அந்த சிம்லேருந்து எஸ்எம்எஸ் போகணும், ஸோ சிம்ல பேலன்ஸ் இருக்கட்டும், முதல் ஒரு நாள் ரெண்டு நாள் பணம் அனுப்பற லிமிட் கம்மியா இருக்கும், வாடகை குடுக்கற தேதில ரீசெட் பண்ணாதீங்க.

ரீசெட் முடிஞ்சு "எல்லா ஆப்பையும் திரும்ப கொண்டு வரவா"ன்னு கேக்கும், வேண்டாம்னு சொல்லுங்க, நான் முதல்ல பண்ண தப்பு அது தான். அஞ்சு ஆறு ஆப் மட்டும் போட்டு ரெண்டு நாள் ஓட்டுங்க. அப்போ நல்லா இருந்துச்சுன்னா ஒண்ணொண்ணா சேருங்க, எத சேக்கும்போது நொண்டுதுன்னு தானா தெரிஞ்சிடும். வெறும் போனே நொண்டுச்சுன்னா மெமரி சிப் தேஞ்சிருக்கலாம், அதுக்கு மேல காசு போடாதீங்க. அபௌட் போன்ல செக்யூரிட்டி பேட்ச் (பாதுகாப்பு ஓட்டைய அடைக்கற அப்டேட்) தேதிய பாருங்க, வருஷக்கணக்கா பழசுன்னா பேங்க் ஆப்ப மட்டும் அதுலேருந்து எடுத்துடுங்க, மத்ததுக்கு வெச்சுக்கலாம். அம்மா போன் மெமரிய காலி பண்ணதுக்கப்புறம் இன்னும் ரெண்டு வருஷம் ஓடுச்சு, இப்போ சமையல்கட்டுல பாட்டு போட்டுட்டு இருக்கு. சீட்டு கணக்கு டெய்லி காலண்டர் தாள் பின்பக்கத்துல.